பன்னிரண்டாவது சட்டை

எங்கள் மைதானம் மேற்கே சாய்ந்தது.
மையத்தில் வைத்த பந்து
விசில் ஊதும் முன்பே கிளம்பிவிடும்.
அடியில் ஒரு கல் கொடுத்து வைப்போம்,
சரிவில் நிறுத்திய ஜீப்புக்குக் கொடுப்பதுபோல.

முதல் பாதி ஏறி ஆடுவோம், மறுபாதி இறங்கி.
ஏறும்போது வாங்குவதை
இறங்கும்போது கொடுத்துவிடலாம் என்பது
ஜெசிந்தா மிஸ்ஸின் கணக்கு.
உடற்கல்விப் பணியிடம் மூன்று வருடமாகக் காலி.
மிஸ் வணிகவியல்.
கோல்களையும் பேரேட்டில்தான் எழுதுவார்:
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.

ஜூனில் தேவாலா மழை
கூடலூருக்கும் சேர்த்துப் பெய்தது.
காலுறைக்குள் உப்பும் புகையிலைத் தூளும்.
ஆனாலும் இடைவேளையில் ஆளுக்கு மூன்று அட்டை.
மஞ்சள், சிவப்பு
நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.
எங்களுடையது கறுப்பு.
நடுவர் காட்ட வேண்டியதில்லை,
அதுவே ஏறி வரும்.

கோலில் யோகராசா.
அவன் அம்மா டேன்டீயில் கொழுந்தெடுக்கிறார்;
பந்தை அவன் பிடிப்பதும்
பிடிப்பதுபோல இருக்காது, கிள்ளுவதுபோல இருக்கும்.
பின்வரிசையில் பாலன், பெள்ளிராஜ்.
ஒருவன் பணியர் பாடி, ஒருவன் படகர் ஹட்டி,
திட்டுவதற்கு மட்டும் இருவருக்கும் மலையாளம்.
நடுவில் ஸ்டெனின், இஞ்சி பிடுங்கும் வாரம் வரமாட்டான்.
முன்னால் நிஷாத்.
மற்றவர்கள் பெயர் மிஸ்ஸின் பேரேட்டில் இருக்கிறது.
நான் பன்னிரண்டு.
தேயிலைக்குள் விழுந்த பந்து
எந்தச் செடியடியில் நிற்கிறதென்று
விழுந்த சத்தத்திலேயே சொல்வேன்.

ஆகஸ்டில் ஓர் இரவு
யானை வந்து மேற்குக் கோலின் வலது கம்பத்தில்
முதுகு சொறிந்துவிட்டுப் போனது.
அன்றிலிருந்து அந்தக் கோல்
அடியில் குறுகல், மேலே அகலம்.
நிஷாத் வலது மேல்மூலைக்கே அடிக்கப் பழகினான்.
பெனால்டி புள்ளி இருந்த இடத்தில்
ஒரு காலடிக் குளம்.
புள்ளியை ஓரடி தள்ளிப் போட்டோம்,
குளத்தில் தவளை முட்டையிட்டிருந்தது.

குன்னூரில் மூன்று வாங்கினோம். ஊட்டியில் ஐந்து.
மூன்றாம் ஆட்டத்துக்கு எதிரணியே வரவில்லை,
நடுவட்டத்தில் மண் சரிந்து பஸ் திரும்பிவிட்டது.
வாக்ஓவர். மூன்று கோல்.
ஆடாமல் வந்ததை
எந்தப் பக்கம் எழுதுவதென்று
மிஸ் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஆட்டம் கோயம்புத்தூரில்.
சமதளம். வெட்டிவிட்ட புல். வெயில்.
அங்கே பந்து
நிறுத்திய இடத்தில் நிற்கிறது.
நிஷாத் மையத்தில் அதை வைத்துவிட்டு
பழக்கத்தில் கல் தேடிக் குனிந்தான்.
யாரோ சிரித்தார்கள்.
பிறகு அவன் அடித்ததெல்லாம்
வலது கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே.
எங்கள் ஊரில் அது கோல்.

எண்பத்தாறாம் நிமிடம்
பாலனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
மிஸ் பெஞ்சைப் பார்த்தார்.
பெஞ்சில் நான் மட்டும்தான் இருந்தேன்,
பக்கத்தில் தண்ணீர்க் குடம்.

ஒரே ஒரு த்ரோ கிடைத்தது எனக்கு.
இரு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து,
இருக்கிற பலமெல்லாம் சேர்த்து எறிந்தேன்.
விசில்.
பின்னங்கால் தரையை விட்டு எழும்பிவிட்டதாம்.
சரிவில் வளர்ந்தவனுக்கு
ஒரு கால் எப்போதும் கொஞ்சம் உயரத்தில்தான் சார்
என்று சொல்ல வாய் வந்தது.
பந்தைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் பாடவில்லை.
மேட்டுப்பாளையம் தாண்டி
மிஸ் செல்போன் வெளிச்சத்தில் கணக்கை முடித்தார்.
வரவு ஏழு, பற்று பத்தொன்பது.
வாக்ஓவர் மூன்றும் வரவில்தான் இருந்தது,
பென்சிலில்.

காலுறையைக் கழற்றினேன்.
திராட்சை போல ஒன்று உருண்டு விழுந்தது.
விடியலில் எங்கள் புல்லில் ஏறியிருக்க வேண்டும்.
கோவை வரை வந்து,
பெஞ்சில் உட்கார்ந்து,
நாலு நிமிடம் ஆடி,
எங்கள் அணியில் வயிறு நிறைந்து திரும்புவது
அது ஒன்றுதான்.

பர்லியாறு வந்ததும்
சன்னலைத் தூக்கி
ஈரத்தில் விட்டேன்.